பழைய சிறிய காருக்கு ஷாக், ஸ்ட்ரட்: நீண்ட ஓட்டத்தில் எது தாக்குப்பிடிக்கிறது

புது ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போட்ட முதல் வாரத்தில் எல்லா பிராண்டும் நன்றாகத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடித் தளர்ந்த வண்டியில் எதை மாட்டினாலும் வித்தியாசம் தெரியும். 30,000, 40,000 கி.மீ. தாண்டிய பிறகு வண்டி எப்படி நிற்கிறது என்பதுதான் உண்மையான பரீட்சை. அந்தப் பரீட்சையில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் பிராண்டால் அல்ல. ஷாக்கோடு சேர்த்து மாற்றிய, அல்லது செலவு மிச்சம் என்று பழையதையே திரும்பப் போட்ட, ரப்பர் சாமான்களால்.

இங்கே பேசுவது முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கோத்தது), பின்னால் டார்ஷன் பீமில் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) தனி ஷாக், தனி ஸ்பிரிங் என்று இருக்கும் வண்டிகளைப் பற்றி. சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த அமைப்புதான்.

வாங்கும் முன் கோளாறு ஷாக்கில்தானா என்று பார்த்துவிடுங்கள். பானெட்டை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழக்கத்தை முழுதாக நம்ப முடியாது. இணைப்புகளில் உள்ள, இறுகிப்போன பழைய ரப்பர் புஷ்களே ஆட்டத்தை அடக்கிவிடும், பாதி செத்த ஷாக்கும் பாஸ் ஆகிவிடும். டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பது இதைவிட நல்ல சோதனை. சுற்றளவில் விட்டு விட்டு மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் சாலையில் ஒட்டாமல் துள்ளுகிறது என்று அர்த்தம். ஷாக்கின் உடம்பில் மேல் பக்கம் மட்டும் லேசான ஈரப் படலம் இருப்பது சகஜம். ஷாக்கின் நடுத் தண்டான ராட் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் ஆயிலை வெளியே எடுத்து வரும். கீழ்வரை வழிந்து மண் அப்பியிருந்தால்தான் கசிவு.

வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறதா? புது ஷாக் அதைச் சரிசெய்யாது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அதன் ஆட்டத்தை மட்டுமே அடக்குகிறது. சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து, கணிசமான வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கின் அடிச் சுற்றைப் பாருங்கள். துரு பிடித்து அங்கேதான் உடையும். உடைந்த துண்டு, ஸ்பிரிங் உட்காரும் தட்டான சீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

இனி எதை வாங்குவது. கேஸ் இல்லாத ஆயில் ஷாக், கேஸ் நிரப்பிய ட்வின் ட்யூப் (குழாய்க்குள் குழாய்), மோனோ ட்யூப் (ஒற்றைக் குழாய்) என மூன்று வகை கிடைக்கும். முதல் வகை மிருதுவாக இருக்கும். ஆனால் கரடுமுரடான சாலையில் தொடர்ந்து ஓடினால் உள்ளே ஆயிலும் காற்றும் கலந்து நுரைத்து, ஆட்டத்தை அடக்கும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். ட்வின் ட்யூபில் சில பார் (ஒரு பார் என்பது சதுர செ.மீ.க்கு சுமார் ஒரு கிலோ) அழுத்தத்தில் நைட்ரஜன் இருப்பது அந்த நுரையைத் தடுக்கத்தான். மோனோ ட்யூபில் ஆயிலையும் கேஸையும் தனி பிஸ்டன் ஒன்று பிரித்து வைக்கிறது. அழுத்தம் பெரும்பாலும் 20 பாருக்கு மேல். சூடு சீக்கிரம் வெளியேறும், பிடிப்பு மாறாது. ஆனால் வெளிக் குழாயில் கல் பட்டு நசுங்கினால் அதே குழாய்க்குள்தான் பிஸ்டன் ஓடுகிறது என்பதால் ஷாக் போயிற்று.

கேஸ் ஷாக் போட்டதும் வண்டி தூக்கி நிற்கிறது என்ற புகாருக்குக் கணக்கு எளிது. முன் ஸ்ட்ரட்டின் ராட் 20 மி.மீ. விட்டம் என்றால் குறுக்குப் பரப்பு சுமார் 3.1 சதுர செ.மீ. உள்ளே 5 பார் இருந்தால் ஏறக்குறைய 16 கிலோ விசை ராடை வெளியே தள்ளும். ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 2 கிலோ வீதம் அமுங்குவது என்றால் வண்டி 8 மி.மீ. உயரும், அவ்வளவுதான். பின்னால் 12.5 மி.மீ. ராடும் 25 பாரும் உள்ள மோனோ ட்யூப் போட்டால் பக்கத்துக்கு 31 கிலோ. ஆள் ஏறாத சிறிய காரின் பின்பக்கத்துக்கு இது பெரிய விசை. காலியாக ஓட்டும்போது பின்பக்கம் உதறுவதற்கு இது ஒரு காரணம்.

அதனால் பழைய சிறிய காருக்கு எங்கள் தேர்வு கேஸ் நிரப்பிய ட்வின் ட்யூப்தான், கம்பெனி ஷாக்கின் இடத்துக்கென்றே செய்த வரிசையில். கேஒய்பி எக்ஸெல்-ஜி, பில்ஸ்டைன் பி4 போன்றவை அந்த ரகம். பில்ஸ்டைன் பி6, கேஒய்பி கேஸ்-எ-ஜஸ்ட் இரண்டும் இதைவிட இறுக்கமானவை. வேகமாக, சுமையோடு ஓட்டுகிறவருக்குச் சரி, ஆனால் தளர்ந்த லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடிக்கும் கை) புஷ்ஷும், ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு இணைக்கும் பழைய ரப்பர் மவுண்டும் உள்ள வண்டியில் போட்டால் அந்த இறுக்கமெல்லாம் லொட லொட சத்தமாகத்தான் வந்து சேரும். பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கென்று குட்டையாகச் செய்தது. கம்பெனி ஸ்பிரிங்கோடு வாங்கக் கூடாது. ஆயில் மாற்றி, சீல் போட்டு, வெல்டிங் வைத்த ரீகண்டிஷன் ஷாக்கை எந்த விலைக்கும் தொட வேண்டாம். உள்ளே என்ன ஆயில், எவ்வளவு, வால்வு என்ன நிலை என்று யாருக்கும் தெரியாது.

பார்ட் நம்பரை வண்டியின் பெயரை வைத்து எடுக்காதீர்கள், சேஸிஸ் நம்பரை வைத்து எடுங்கள். ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும், ஏபிஎஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும், இடையில் முகம் மாற்றிய வருடத்துக்கும் ஸ்ட்ரட் மாறும். முன்னால் இடது வேறு, வலது வேறு. பெட்டியைத் திறந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்து நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) போல்ட் துளைகளின் இடைவெளி, ஸ்பிரிங் சீட்டின் உயரம், பிரேக் ஹோஸ் பிராக்கெட், ராடின் மரை எல்லாம் ஒன்றுதானா என்று பாருங்கள். ஸ்பிரிங்கோடு முழுதாகக் கோத்து வரும் ஸ்ட்ரட் வேலையைச் சுலபமாக்கும். ஆனால் ஒரே நம்பர் பல வேரியன்ட்டுக்கும் பொது என்று விற்பதால் உயரம் தப்பிப்போக வாய்ப்பு அதிகம்.

கூடவே வாங்க வேண்டியவை: முன்னால் இரண்டு டாப் மவுண்ட், இரண்டு பேரிங், நான்கு பக்கமும் பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுப்பது), டஸ்ட் கவர், ஸ்பிரிங் சீட் ரப்பர், புது லாக் நட்டுகள். ஷாக்கின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது. டஸ்ட் கவர் கிழிந்தால் மண் துகள் ராடின் குரோம் பூச்சைக் கீறும், ஒவ்வொரு கீறலும் சீலை அறுக்கும். நுரை ரப்பரால் ஆன பம்ப் ஸ்டாப் பொடிந்து போயிருந்தால் பெரிய பள்ளத்தில் பிஸ்டன் நேராக அடி வால்வில் போய் இடிக்கும். ஒரு வருடத்தில் ஷாக் போய்விட்டது என்ற புகாரோடு வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான். பேரிங் இறுகியிருந்தால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ‘டங்’ என்று விடும், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது.

மாட்டும்போது, ட்வின் ட்யூபை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை மெதுவாக முழுதும் அமுக்கி இழுக்க வேண்டும். படுக்க வைத்திருந்த பெட்டியில் உள் குழாய்க்குள் கேஸ் புகுந்திருக்கும். அதை வெளியேற்றாமல் மாட்டினால் முதல் சில கிலோமீட்டர் டக் டக் என்று அடிக்கும். ராடை பிளையரால் பிடிக்கவே கூடாது. மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்கினால் ராட் சுழன்று சீலும் உள் பிஸ்டன் நட்டும் கெடும். ஆலன் கீயால் ராடைப் பிடித்து ஸ்பேனரால் இறுக்குங்கள், மேனுவலில் உள்ள டார்க்கில் (இறுக்க அளவில்). ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரண்டு கொக்கியும் நேர் எதிரெதிரே இருக்க வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங்கின் நுனி சீட்டின் படியில் உட்கார்ந்த பிறகுதான் கம்ப்ரஸரைத் தளர்த்த வேண்டும்.

ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் நக்கிள் வெளியே சாயும். கயிற்றால் கட்டிவையுங்கள், இல்லையென்றால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்றுவிடும்.

பின் ஷாக்கின் அடி போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்கும் தவறு எங்கும் நடக்கிறது. அதனால் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கேறியே இருக்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம்.

நக்கிள் போல்ட் துளையில் உள்ள சின்ன இடைவெளியே கேம்பரை (சக்கரத்தின் மேல்-கீழ் சாய்வு) மாற்றப் போதும், கேம்பர் மாறினால் டோவும் (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறும். அதனால் வீல் அலைன்மென்ட் அன்றைக்கே செய்துவிடுங்கள். முன்னால் இரண்டும், பின்னால் இரண்டும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

முதல் 1,000 கி.மீ. வரை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். சீல் பழகியதும் இளகும். அதற்குப் பிறகும் விறைப்பு குறையவில்லை என்றால் ஷாக்கைக் குறை சொல்லும் முன் டயர் காற்றைப் பாருங்கள். மாற்றிய உடனே வரும் லொட லொட சத்தத்துக்குப் புது ஷாக் அரிதாகவே காரணம்; ஸ்டெபிலைசர் கம்பியை இணைக்கும் லிங்க் ராட், தலைகீழாகப் போட்ட வாஷர், முழுதாக இறுக்காத மேல் நட் என்ற வரிசையில் தேடினால் கிடைத்துவிடும். பிறகு 20,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர் மாற்றி மாட்டும்போது டஸ்ட் கவரைத் தூக்கி ராடை ஒரு டார்ச் வைத்துப் பாருங்கள். கவர் மட்டும் கிழிந்திருந்து ராட் இன்னும் பளபளப்பாக இருந்தால், கவரை மட்டும் மாற்றி அந்த ஷாக்கைக் காப்பாற்றிவிடலாம்.