நெல்லிக்காயா, மஞ்சள் மாத்திரையா: கரண்ட் வைத்த 15 நாள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து, 15 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்க வேண்டும் என்றார்கள். அரூரிலிருந்து தினமும் சேலத்துக்குப் பஸ். முதல் வாரத்துக்குள் வீட்டில் ஒரு மருந்துக்கடையே சேர்ந்துவிட்டது. சித்தப்பா, மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை டப்பா வாங்கி வந்தார். அத்தை துளசிச் சாறு. போச்சம்பள்ளி மாமா மாவிலைப் பொடி. எல்லாமே கதிர்வீச்சிலிருந்து செல்லைக் காக்குமாம்.

நான் நெல்லிக்காயோடு நின்றுகொண்டேன். அதுவும் சாதத்தோடு ஒன்று, அவ்வளவுதான்.

துளசியையும் மாவிலையையும் சீக்கிரம் தாண்டிவிடலாம். துளசியில் உள்ள ஓரியன்டின், வைசெனின் என்ற இரண்டு பொருள்களையும் மணிப்பாலில் எலிகளுக்குக் கொடுத்து நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். மாவிலையில் உள்ள மாஞ்சிஃபெரினும் எலிச் சோதனை அளவில்தான். பிரித்தெடுத்த பொருளைக் கதிர் படுவதற்கு முன் ஊசியில் ஏற்றுவதும், அத்தை வடிகட்டித் தரும் சாறும் ஒன்றாகாது.

மஞ்சள் அப்படியில்லை, மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 30 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013இல் வந்தது. தினம் 6 கிராம் குர்குமின் எடுத்தவர்களுக்குத் தோல் புண் குறைந்திருந்தது. 2018இல் 686 பேரிடம் பார்த்தபோது சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்குதான் என்று வைத்தால், 6 கிராமுக்கு 200 கிராம் தூள் வேண்டும். குழம்பில் போடும் சிட்டிகை எந்த மூலைக்கு? குடலும் அதை லேசில் உறிஞ்சாது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் 20 மடங்கு கூடுதலாக ஏறுகிறது என்று 1998இல் பெங்களூரு ஆய்வு காட்டியது. ஆனால் அதே பைப்பரின் மற்ற மருந்துகளைக் கல்லீரல் கழிப்பதையும் தாமதப்படுத்தும். அம்மா பிரஷர் மாத்திரை போடுகிறவர்.

என்னை நிறுத்தியது இதுவும் இல்லை. கதிர் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உடைத்து ஹைட்ராக்சில் என்ற முரட்டுத் துகளை உண்டாக்குகிறது. எக்ஸ்ரே வகைக் கதிரால் டிஎன்ஏவுக்கு வரும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதன் வேலை. அதைப் பிடித்து அடக்குவதுதான் குர்குமின் போன்ற ஆன்டிஆக்சிடன்டின் வேலை. சரி, கட்டியைக் கொல்ல டாக்டர் நம்பியிருப்பதும் அதே துகளைத்தானே? எந்த செல் நம்முடையது, எது கட்டியுடையது என்று மாத்திரைக்கு யார் சொல்வது? கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரில் பாதிப்பேருக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது: பக்கவிளைவு குறைந்தது, ஆனால் நோய் திரும்புவது கூடுவதுபோல் தெரிந்தது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லாவிட்டாலும். அது மஞ்சள் இல்லைதான். மஞ்சளும் அப்படிச் செய்யும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவை வைத்துச் சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை.

நெல்லியும் ஆன்டிஆக்சிடன்ட்தானே என்று சித்தப்பா மடக்கினார். நியாயமான கேள்வி. ஆனால் வாய்வழியே போகும் வைட்டமின் சி ஓரளவுக்கு மேல் ரத்தத்தில் ஏறாது, மிச்சம் சிறுநீரில் போய்விடும். ஒரு காய் சாப்பாட்டு அளவு, மருந்தளவு இல்லை. நெல்லியே மாத்திரையாக வந்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். டாக்டரிடமும் கேட்டோம், சாப்பாட்டில் இருப்பது இருக்கட்டும், டப்பா வேண்டாம் என்றார். (அதியமான் ஊரில் நெல்லிக்காயைக் கையில் எடுத்தால் ஔவை கதை வராமல் இருக்குமா? அம்மா தினமும் சொன்னார்.)

மூன்றாம் வாரம் அக்குளில் தோல் கறுத்தது. களிம்பில் ஆறியது. நெல்லியால் குறைந்ததா என்று கேட்டால், ஒரே ஆளை வைத்து எப்படிச் சொல்ல? வாய் கசந்த நாட்களில் சாதம் இறங்கியது அதனால்தான், அது மட்டும் தெரியும். சித்தப்பாவின் டப்பாவைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். ஒரு வாரம் அவர் பேசவில்லை.