இல்லமா, வீடா?

"இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று புற்றுநோயாளியின் குடும்பத்திடம் சொன்னதும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. வலி தணிப்புக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: ஊரிலுள்ள சிறிய பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பலாம், அல்லது நர்ஸை வீட்டுக்கே வரவழைக்கலாம்.

வீட்டுக்கு வந்து பார்ப்பதில் கேரளா முன்னோடி. அங்கே 2008இலேயே இதற்கென அரசுக் கொள்கை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்திலும் இந்தச் சேவை உண்டு. சொந்தக் கட்டில், பேரப்பிள்ளைகளின் சத்தம், பழகிய ரசம். இதற்கு ஈடாக எந்த இல்லமும் இல்லை.

சிக்கல் ராத்திரியில்தான். வலி தணிக்கும் சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். படுக்கும்போது இரட்டை அளவு கொடுத்து டாக்டர் அந்த நடுராத்திரி வேளையைத் தவிர்க்கலாம். ஆனால் திடீரென மூச்சு வாங்கினால்? வயதான மனைவி மட்டும் துணை என்றால் நான் இல்லத்தையே சொல்வேன். புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவது, மார்ஃபினோடு மலமிளக்கியும் கொடுப்பது போன்றவற்றை அங்கே பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இல்லத்துக்குப் போனால் திரும்ப முடியாது என்ற பயம் வேண்டாம். வலி அடங்கியதும் வீடு திரும்புபவர்கள் உண்டு. அப்புறம், அனுப்பும் டாக்டர்களுக்கு ஒன்று: கடைசி மூன்று நாளில் அனுப்பாதீர்கள். நோயாளியிடம் நோயைப் பற்றி எதுவரை சொல்லியிருக்கிறது என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள்.