தகுதிகாண் பணிநீக்கமா, விருப்ப விலகலா?

2025இல் அமெரிக்க அரசு தன் அறிவியல் நிறுவனங்களில் ஆட்களைக் குறைக்க இரண்டு வழிகளைக் கையாண்டது. தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்களை நீக்குவது ஒன்று. செப்டம்பர் வரை சம்பளம் தருவதாகச் சொல்லித் தாமாகவே விலக வைப்பது மற்றொன்று.

முதல் வழியில், கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் நோவா நிறுவனத்தில் பிப்ரவரி 27 அன்று நூற்றுக்கணக்கானோர் மின்னஞ்சலில் வேலையிழந்தனர். தகுதிகாண் பருவம் என்றதும் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள் என்றாலும், பல ஆண்டு அனுபவத்துடன் வேறு பதவிக்கு மாறியவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தனர். மார்ச்சில் நீதிமன்ற உத்தரவால் திரும்ப எடுக்கப்பட்டவர்கள் ஏப்ரலில் மறுபடியும் நீக்கப்பட்டது கொடுமையிலும் கொடுமை.

விருப்ப விலகல் ஊழியருக்குக் கௌரவமானது, கையில் சம்பளமும் வரும். நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால் இதுவே பெரிய இழப்பு என்பது என் கருத்து. நாசாவில் சுமார் 3,870 பேர் இதற்கு முன்வந்தனர். ஓய்வை நெருங்கிய மூத்தவர்களுக்கே இது எளிது என்பதால், எந்தக் கோப்பிலும் எழுதப்படாத கைப்பழக்கம் அவர்களோடு வெளியேறுகிறது.

ஆள் இல்லாவிட்டால் என்னாகும் என்பதை அலாஸ்காவின் கோட்ஸிபூ காட்டியது: வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றை அளக்க நாளுக்கு இருமுறை பறக்கவிட வேண்டிய பலூன் அங்கே நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில், நோவாவின் கீழ் இயங்கும் தேசிய வானிலைச் சேவை 450 பேர்வரை அமர்த்த அனுமதி பெற்றது. அவர்களில் புதியவர்கள் தகுதிகாண் பருவத்திலிருந்தே தொடங்க வேண்டும்.