ஒரு துளிக்கு 1 வெள்ளி 16 சென்: வீட்டில் இனிப்பு நீர் பார்க்கும் கருவியோடு ஏழு மாதங்கள்

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள அம்மாவின் ஆள்காட்டி விரலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுக்க, ஊசி குத்தும் பேனாவின் ஆழத்தை ஐந்தில் வைக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோருக்கு இரண்டோ மூன்றோ போதும் என்கிறது கையேடு. முப்பத்தோரு ஆண்டுகள் பால்மரம் வெட்டி, உளி பிடித்துக் காய்த்துப்போன விரலை நினைவில் வைத்து அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். முதல் இரண்டு நாளில் துளியை வாங்கும் சோதனைப் பட்டைகளான ஸ்ட்ரிப்புகளில் ஐந்து வீணாகின. துளி போதாமல் கருவி பிழைக் குறி காட்டியது. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில், அதுவும் காய்ப்புக் குறைந்த இடது கை மோதிர விரலில் குத்தினால், ஆழம் மூன்றிலேயே துளி வந்துவிடும் என்பதை மூன்றாம் நாள்தான் கண்டுகொண்டோம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு மருந்தகத்தில் ஏழு மாதங்களுக்கு முன்பு 79 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய கருவி இது. பெட்டிக்குள் 25 ஸ்ட்ரிப்புகள், 25 ஊசிகள், பேனா, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ஒரு சிறு பை ஆகியவை இருந்தன. பிராண்டின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இந்த விலைக்குக் கிடைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே முறையில் இயங்குபவை என்பதால், இங்கே நான் சொல்லும் நிறையும் குறையும் உங்கள் வீட்டில் இருக்கும் கருவிக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஸ்ட்ரிப்பின் நுனியில் குளுக்கோஸோடு மட்டும் வினைபுரியும் நொதி ஒன்று பூசப்பட்டிருக்கிறது. இரத்தம் பட்டவுடன் அந்த வினையில் எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. இடையில் இருக்கும் வேதிப்பொருள் அவற்றை மின்முனைக்குக் கடத்துகிறது. அங்கே பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து, ஐந்து வினாடியில் கருவி எண்ணைத் திரையில் காட்டுகிறது. நொதியையும் மின்முனையையும் இணைக்கலாம் என்ற எண்ணத்தை 1962-இல் முன்வைத்தவர் அமெரிக்க அறிவியலாளர் லீலண்ட் கிளார்க். ஆயினும் 1970-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த முதல் கருவி மின்னோட்டத்தை அளக்கவில்லை, ஸ்ட்ரிப்பின் நிற மாற்றத்தைத்தான் படித்தது. ஒரு கிலோவுக்கும் மேல் எடை கொண்ட அது மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், தாமே இனிப்பு நீர் நோயாளி, மனைவி மருத்துவராக இருந்ததால் அவர் வழியாக 650 டாலர் கொடுத்து அதை வாங்கித் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டார். அந்தக் கதையைப் படித்ததிலிருந்து, 79 வெள்ளிப் பெட்டியைக் கொஞ்சம் மரியாதையோடு கையாள்கிறேன்.

அம்மாவுக்கு ஒப்பிட வேறொரு நினைவு இருக்கிறது. தோட்டத்து மருத்துவமனையில் டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளர், அம்மாவின் தந்தையுடைய சிறுநீரில் எட்டுத் துளியை ஒரு நீல நிறக் கரைசலில் விட்டுக் கொதிக்க வைத்ததை அவர் சிறுமியாக நின்று பார்த்திருக்கிறார். நீலம் மாறாவிட்டால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்தில் நின்றால் தாத்தாவுக்கு அன்று திட்டு விழும். பெனடிக்ட் சோதனை என்று அதற்குப் பெயர். அதன் குறை என்னவென்றால், இரத்தத்தில் இனிப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டிய பிறகே சிறுநீரில் அது தெரியத் தொடங்கும். அதற்குக் கீழே எட்டாக இருந்தாலும் மூன்றாக இருந்தாலும் கரைசல் நீலமாகத்தான் இருக்கும்.

சரி, கருவி காட்டும் எண்ணை நம்பலாமா? ஒரே விரலில் அடுத்தடுத்து இரண்டு முறை பார்த்தபோது 9.1, 9.8 என்று வந்தது. "இதுக்கே இது ரெண்டு பேச்சு பேசுதேய்யா" என்றார் அம்மா. உண்மையில் இது கருவியின் கோளாறு அன்று. ஐஎஸ்ஓ 15197 என்ற பன்னாட்டுத் தரம், 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அளவீடுகளில் 95 விழுக்காடு ஆய்வக முடிவிலிருந்து 15 விழுக்காடு வரை விலகியிருப்பதை ஏற்றுக்கொள்கிறது, இனிப்பு 5.55-க்குக் கீழே இருக்கும்போது 0.83 மில்லிமோல் வரை விலகலாம். ஆகவே உண்மையான அளவு 9 என்றால், 7.7 என்று காட்டினாலும் 10.3 என்று காட்டினாலும் அந்தக் கருவி தரத்துக்கு உட்பட்டதே. கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்த காலையில் இதிலும் பார்த்தோம்: ஆய்வகத்தில் 8.6, இதில் 9.2. எனக்கு அது போதும். பாயிண்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணுக்காக மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

பெரிய பிழைகள் கருவியிலிருந்து வரவில்லை, எங்கள் கையிலிருந்தே வந்தன. ரம்புத்தான் காலத்தில் ஒரு மாலை 14.8 என்று காட்டியது. அம்மா ஒரு பழம்கூடச் சாப்பிடவில்லை என்று அடித்துச் சொன்னார். ஆனால் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு கூடை நிறைய உரித்துக் கொடுத்திருக்கிறார். சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது 7.9. விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றையும் சேர்த்துத்தான் கருவி அளந்திருக்கிறது. ஸ்ட்ரிப்புகளின் மற்ற எதிரிகள் வெப்பமும் ஈரப்பதமும். 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்கிறது கையேடு. தகரக் கூரை வீட்டில் பிற்பகல் இரண்டு மணிக்கு எந்த அலமாரி அப்படி இருக்கும் என்று தெரியவில்லை. குளிர்ப்பெட்டியிலும் வைக்கக் கூடாதாம். அரிசி டின்னுக்குப் பக்கத்தில், வெயில் படாத கீழ்த் தட்டில், போத்தல் மூடியை இறுக்கி வைத்திருக்கிறோம்.

அலகு பற்றிய குழப்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் ஒருவருக்கு ஆபத்தே நேரக்கூடும். மலேசியாவில் விற்கும் கருவிகள் மில்லிமோல் கணக்கில் காட்டுகின்றன. நம் வீடுகளில் பெரியவர்கள் பார்க்கும் காணொளிகளோ தமிழ்நாட்டு மருத்துவர்கள் பேசுபவை. அங்கே மில்லிகிராம் கணக்கு. அவர்கள் 126 என்று சொல்வதும் நம் கிளினிக்கில் 7.0 என்று சொல்வதும் ஒன்றே; நம் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும். அண்டை வீட்டு அக்காள் ஒரு நாள் எங்கள் கருவியில் பார்த்துக்கொண்டார். 8.2 வந்தது. "நூத்தி இருபதுக்குள்ள இருக்கணும்னு சொன்னாங்களே, எனக்கு எட்டுதானே இருக்கு" என்று பதறி, நான் விளக்கி முடிப்பதற்குள் வீட்டுக்குப் போய்ச் சீனித் தண்ணீர் கலக்கிக் குடித்துவிட்டார். அவருடைய 8.2 என்பது ஏறத்தாழ 148. கையேடு மூன்று மொழிகளில் இருக்கிறது, தமிழ் இல்லை. தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு 2019-இல் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகவும், மலேசிய இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு என்றும் கண்டறிந்தது. மூவரில் ஒருவரை நெருங்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு தாள் அச்சடிப்பது விற்பவர்களுக்கு அவ்வளவு பெரிய செலவா?

இனி விலைக்கு வருவோம். கருவியின் விலை ஒரு விலையே அன்று, அது தூண்டில். 50 ஸ்ட்ரிப்புகள் கொண்ட பெட்டி 58 வெள்ளி, அதாவது ஒரு துளிக்கு 1 வெள்ளி 16 சென். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்கள் கட்டும் கட்டணம் 1 வெள்ளி. மருத்துவரைப் பார்த்து, இரத்தம் கொடுத்து, மாத்திரைப் பையோடு வெளியே வரலாம். வீட்டில் ஒரு முறை விரலைக் குத்துவது அதைவிட 16 சென் கூடுதல். நாளுக்கு இரண்டு முறை பார்த்தால் மாதம் எழுபது வெள்ளி. நான்கு முறை என்றால் 139. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் குடும்பம் நடத்தும் செம்பனைத் தோட்டத் தொழிலாளியிடம் "அடிக்கடி பாருங்கள்" என்று சொல்வது எளிது.

ஸ்ட்ரிப் வாங்கிய அனுபவத்திலும் ஒரு கசப்பு உண்டு. வேறொரு கடையில் இரண்டு பெட்டி சேர்த்து 96 வெள்ளி என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் காலாவதிக்கு ஏழு வாரமே இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, சலுகைப் பொருளுக்கு மாற்று இல்லை என்று கல்லாவில் இருந்தவர் முகம் பாராமல் சொல்லிவிட்டார். 2025 மே முதல் தேதியிலிருந்து மருந்தகங்களும் தனியார் கிளினிக்குகளும் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை நடப்பில் இருக்கிறது. நல்ல ஆணை, அம்மாவின் கொழுப்பு மாத்திரை இரண்டு கடைகளில் என்ன விலை என்று ஒப்பிட முடிந்தது. ஆனால் அது பேசுவது மருந்தைப் பற்றி. ஸ்ட்ரிப் மருந்தன்று, 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டத்துக்குள் வரும் பொருள். அந்தக் கடையின் விலைப்பட்டியலில் அதைத் தேடினேன், இல்லை. மாதா மாதம் காசு கரையும் பொருளின் விலையைத்தான் கல்லாவில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு இன்னும் ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்டால், இரண்டு காரணங்கள். முதலாவது, ஓர் இரவு. ஒன்றரை மணிக்கு அம்மா வியர்த்து நனைந்து, கை நடுங்க எழுந்து உட்கார்ந்தார். அன்று வயிறு சரியில்லை என்று இரவு உணவைத் தவிர்த்துவிட்டு, இரத்த இனிப்பைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருந்தார். கருவி 3.4 காட்டியது, 3.9-க்குக் கீழே போனாலே தாழ்வு. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 4.6. பிறகு இரண்டு பிஸ்கட். அடுத்த முறை கிளினிக்கில் குறிப்பேட்டைக் காட்டியதும் மருத்துவர் அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தி, மாத்திரையின் அளவைக் குறைத்தார். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையில் அப்படியோர் இரவு தெரியவே தெரியாது.

இரண்டாவது காரணம் பசியாறல். சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரத்துக்குப் பின்னும் பார்ப்பதைச் சில வாரம் செய்தோம். இரண்டு ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய ஒரு தே தாரிக்கும் 7.6-ஐ 13.9-க்கு ஏற்றின, இரண்டு தோசையும் பாலும் சீனியும் போடாத தே ஓவும் 10.2-இல் நிறுத்தின. அன்றிலிருந்து அம்மா கெட்டிப்பால் டின் வாங்குவதில்லை, யாரும் சொல்லாமலே. சீனி சேர்த்த பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென்னாகத் தொடங்கிய கலால் வரி இப்போது 90 சென் ஆகியிருக்கிறது. இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது போத்தலுக்கும் டின்னுக்கும். ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தேநீருக்கு அன்று. அதே வேளையில் பருமணி வெள்ளைச் சீனியைக் கிலோ 2 வெள்ளி 85 சென்னுக்கு மேல் விற்கக் கூடாது என்று விலைக்கட்டுப்பாடும் இருக்கிறது. ஒரு கை வரி போடுகிறது, மறு கை அள்ளிக் கொடுக்கிறது. என்னைக் கேட்டால், வரியாக வரும் பணத்தில் ஒரு பங்கை இன்சுலின் போடுவோரின் ஸ்ட்ரிப் செலவுக்குத் திருப்பலாம்.

கருவியோடு வரும் கைப்பேசிச் செயலியை ஒரு வாரத்தில் நீக்கிவிட்டேன். மாதச் சராசரி என்று வண்ணக் கோடுகளை வரைகிறது; கிளினிக்கில் மருத்துவர் கேட்பதோ பேனாவால் எழுதிய குறிப்பேட்டை. கையில் ஒட்டிக்கொள்ளும் உணரி இரண்டு வாரத்துக்கு இருநூறு வெள்ளிக்கு மேல் ஆகிறது, நமக்கு எட்டாது. பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைப் பையில் போடாதீர்கள், குப்பை அள்ளுபவர் கையில் குத்தும். சலவைத் திரவம் வந்த கெட்டி போத்தலில் சேர்த்து, மூடி இறுக்கி, கிளினிக்கில் கேட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

இன்சுலின் போடுபவரும், கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவரும் வாங்கத்தான் வேண்டும். மெட்ஃபோர்மின் மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டு நிலையாக இருப்பவருக்குத் தினமும் குத்திக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் எத்தனை முறை, எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டால் பாதிக் காசு மிஞ்சும். வாங்கும்போது கருவியின் விலையை விட்டுவிட்டு 50 ஸ்ட்ரிப்புப் பெட்டியின் விலையைக் கேளுங்கள். பெட்டியைத் திருப்பிக் காலாவதித் தேதியையும் பாருங்கள். நாங்கள் இப்போது வாரம் ஆறு முறை பார்க்கிறோம், மாதம் முப்பது வெள்ளி ஆகிறது. போத்தலில் இன்னும் பதினேழு ஸ்ட்ரிப்புகள் இருக்கின்றன. அடுத்த கிளினிக் தேதி வரை வரும் என்று அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு மூடியை இறுக்கினார்.