வருமான வரி செல்லாது என்கிறது ஒரு நீல பைண்டர்: 249 டாலருக்கு என்ன கிடைக்கிறது?

ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அந்த ஒன்றரையும் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

டெக்ஸஸில் பிளேனோ பக்கம், வரி சீசனில் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். என்ரோல்டு ஏஜென்ட் உரிமம், அதாவது வரித்துறை முன்னால் வாடிக்கையாளருக்காக ஆஜராகும் உரிமம், இருக்கிறது. வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மூர் ஐ.டி. பிள்ளைகள். அதில் ஒரு தம்பி பிப்ரவரியில் ஒரு கனமான நீல பைண்டரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். ஃபெடரல் வருமான வரி அமெரிக்க அரசியல் சட்டப்படி செல்லாது, ஆதாரம் முழுக்க உள்ளே இருக்கிறது என்று ஒரு வெபினாரில் விற்ற சரக்கு. விலை 249 டாலர், சேல்ஸ் டாக்ஸ் தனி. (அது மாநில வரி, இது ஃபெடரல் வரி, இரண்டும் வேறு என்று விற்றவர் சொல்லலாம்தான். ஆனாலும் பில்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.) விற்றவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. இதே சரக்கு வேறு வேறு அட்டையில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"அக்கா, இதுல இருக்கிறதெல்லாம் உண்மையான கேஸ்தானே? நெட்ல தேடிப் பார்த்தேன், எல்லாமே இருக்கு" என்றான்.

கேஸ் எல்லாம் உண்மைதான். மேற்கோள்களும் உண்மைதான். இந்த பைண்டரின் தந்திரமே அதில்தான் இருக்கிறது: ஒவ்வொரு தீர்ப்பையும் தனக்கு வலிக்க ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு வரி முன்னால் வெட்டிவிடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வரலாற்றுப் பகுதி படிக்கச் சுவாரசியமாகவே இருக்கிறது. மக்கள்மீது நேரடியாக விழும் வரியை மாநிலங்களுக்கு இடையே மக்கள்தொகைப்படி பங்குபோட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. சம மக்கள்தொகை உள்ள இரண்டு மாநிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வருமானம் மற்றதைப்போல இரு மடங்கு. இரண்டும் ஒரே தொகையைக் கட்ட வேண்டும் என்றால், ஏழை மாநிலத்துக்காரர் இரு மடங்கு சதவீதம் கட்டியாக வேண்டும். வருமான வரியை அப்படிப் பங்குபோட்டு வசூலிப்பது நடக்கிற காரியம் இல்லை. 1894-ல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) 4,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 2 சதவீத வரி போட்டது. மறுவருடமே போலக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதைத் தூக்கி எறிந்தது. அதைத் தாண்டத்தான் 16-ஆவது திருத்தம் வந்தது: எந்த மூலத்திலிருந்து வரும் வருமானத்துக்கும், மாநிலங்களுக்குப் பங்கு போடாமல் வரி விதிக்கலாம் என்று. 1913 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. இவ்வளவையும் பைண்டர் தெளிவாகச் சொல்கிறது. அந்த ஒன்றரை நட்சத்திரம் இதற்குத்தான்.

சொல்லாமல் விட்டதைப் பாருங்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1861-லிருந்தே, அமெரிக்காவில் வருமான வரி இருந்தது. அதைச் செல்லும் என்று 1881-ல் ஸ்பிரிங்கர் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு பைண்டரில் எங்கேயும் இல்லை. அப்புறம் போலக் வழக்கு. அதில் நீதிமன்றம் ஆட்சேபித்தது சொத்திலிருந்து வரும் வருமானத்துக்கு, அதாவது வாடகை, வட்டி, டிவிடெண்டு போன்றவற்றுக்குப் போட்ட வரியைத்தான். வேலையிலும் தொழிலிலும் சம்பாதிப்பதைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று தீர்ப்பிலேயே எழுதிவைத்தார்கள். சட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க முடியாது என்பதால்தான் முழுவதும் போனது. ஆகவே ஒரு பேச்சுக்கு 16-ஆவது திருத்தமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மாதச் சம்பளத்தில் ஓடும் நம் பிள்ளைகளுக்கு போலக் கைகொடுக்காது. பைண்டரை வாங்குகிறவர்களோ பெரும்பாலும் சம்பளக்காரர்கள்.

மேற்கோள் பகுதிதான் இதன் உச்சம். ஒரு முழுப் பக்கத்தில், தடித்த எழுத்தில், 1916-ஆம் வருட ஸ்டான்டன் வழக்கிலிருந்து ஒரு வரி: 16-ஆவது திருத்தம் வரி விதிக்கப் புதிய அதிகாரம் எதையும் தரவில்லை. பார்த்தால் பகீர் என்றுதான் இருக்கும். தம்பி அதன்மேல் மஞ்சள் மார்க்கர் போட்டு வைத்திருந்தான். நான் தீர்ப்பைத் திரையில் திறந்து, அதே வாக்கியத்தின் மிச்சத்தைப் படிக்கச் சொன்னேன். வருமான வரி விதிக்கும் முழு அதிகாரம் காங்கிரஸுக்கு ஆரம்பம் முதலே இருந்தது, திருத்தம் செய்ததெல்லாம் அந்த வரியை அது இருக்க வேண்டிய, பங்குபோடத் தேவையில்லாத மறைமுக வரி வகையிலிருந்து யாரும் வெளியே இழுக்காமல் தடுத்ததுதான் என்று போகிறது. புதிய அதிகாரம் தேவைப்படவில்லை, பழையதே போதும் என்கிறார்கள். அதற்குச் சில வாரம் முன்னால் பிரஷாபர் வழக்கில் 1913-ஆம் வருட வரிச் சட்டம் செல்லும் என்று சொன்னதும் இதே நீதிபதிகள்தான். வாக்கியத்தின் நடுவில் முற்றுப்புள்ளி வைத்து விற்கிறார்கள்.

இன்னொன்று, 1960-ஆம் வருட ஃப்ளோரா வழக்கு. நம் வரி முறை தாமாகக் கணக்கிட்டுக் கட்டுவதை நம்பியது, பறிமுதலை அல்ல என்ற வரி அதில் உண்டு. "பார்த்தீர்களா, கட்டுவது உங்கள் விருப்பம்" என்கிறது பைண்டர். வழக்கே வேறு. வரிப் பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாமா என்பது கேள்வி. முடியாது, முழுவதையும் கட்டிவிட்டு வா என்று ஃப்ளோராவைத் திருப்பி அனுப்பினார்கள். கட்ட வேண்டாம் என்பதற்கு ஆதாரமாக, முதலில் கட்டு என்று சொன்ன தீர்ப்பைக் காட்டுகிறார்கள்!

திருத்தம் சரியாக நிறைவேறவே இல்லை என்று ஒரு அத்தியாயம். மாநிலங்கள் அனுப்பிய பிரதிகளில் எழுத்துப் பிழை, நிறுத்தக்குறி வித்தியாசம், சில இடத்தில் சொல்லே மாறியிருப்பது எல்லாம் உண்மை. அது 1913-லேயே வெளியுறவு அமைச்சர் நாக்ஸின் மேசைக்குப் போனது. இலாகா வழக்கறிஞர் பட்டியல் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான், திருத்தம் நிறைவேறியது என்று நாக்ஸ் கையெழுத்துப் போட்டார். 1986-ல் ஏழாவது சர்க்யூட் நீதிமன்றம் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) தாமஸ் வழக்கில் இதை விலாவாரியாக எழுதி முடித்துவிட்டது. இந்த வாதத்தைக் கிளப்பி, வரி கட்டாமலிருக்க இதுவே பாதுகாப்பு என்று பொட்டலம் போட்டு விற்ற பில் பென்சனை, இனி விற்கக் கூடாது என்று நீதிமன்றமே தடுத்தது. ஒஹாயோ 1953 வரை மாநிலமே இல்லை என்ற கதையும் இங்கே வருகிறது. 1803-ல் முறையான தீர்மானம் போட மறந்ததை 1953-ல் காங்கிரஸ் பின்தேதியிட்டுச் சரிசெய்தது நிஜம். ஆனால் அப்போது தேவைப்பட்டது 36 மாநிலம், கடைசியில் ஒப்புதல் தந்தது 42. ஒஹாயோவைக் கழித்துவிட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

மாதிரிக் கடிதங்களுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். ஒரு கடிதத்தில் ‘நான் அமெரிக்காவுக்கு நான்-ரெசிடென்ட் ஏலியன்’, அதாவது இங்கே வசிக்காத வெளிநாட்டவர், என்று உறுதிமொழி கொடுக்கச் சொல்கிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்தவருக்கு எழுதிய கடிதம் அது. எச்-1பி-யில் இருக்கும் தம்பிக்கு அந்தச் சொற்களுக்கு நிஜமான சட்ட அர்த்தம் உண்டு. வருடம் முழுக்க இங்கே இருப்பதால் நாள் கணக்குப்படி அவன் வரி விஷயத்தில் ரெசிடென்ட். கையெழுத்துப் போட்டால் அது பொய் உறுதிமொழி. பிற்காலத்தில் குடியுரிமைக்குப் போகும்போது ரிட்டர்ன் போடாமல் இருந்தாயா, வரி பாக்கி உண்டா என்று கேட்பார்களே, அதற்கு என்ன பதில் சொல்வது? பைண்டர் வாய் திறக்கவில்லை. இன்னொரு கடிதத்தோடு டபிள்யூ-4 படிவத்தில் (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்வது) ‘எக்ஸெம்ப்ட்’, அதாவது பிடிக்க வேண்டாம், என்று போட்டு பேரோலுக்கு அனுப்பச் சொல்கிறது. தம்பி இதை ஏற்கெனவே செய்துவிட்டான். ஜனவரிச் சம்பளத்தில் ஃபெடரல் பிடித்தம் பூஜ்யம்.

சரி, மாட்டிக்கொண்டால்? ‘சீக் பாதுகாப்பு’ என்று ஒரு தாள் இருக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானி ஜான் சீக் வழக்கில், 1991-ல், சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு உண்மையாகவே நம்பினால் அது வேண்டுமென்றே செய்த குற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தாள் அங்கே முடிகிறது. தீர்ப்பு முடியவில்லை. வரிச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்ற நம்பிக்கை மட்டும் இதில் சேராது, ஏனென்றால் அப்படி வாதாடுகிறவர் சட்டத்தை நன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டவர் என்றே அர்த்தம் என்று தொடர்கிறது. இந்த பைண்டர் முழுக்க அரசியல் சட்ட வாதம்தானே! சீக் மறுவிசாரணையிலும் தண்டனை பெற்றார். நடிகர் வெஸ்லி ஸ்னைப்ஸுக்கு, மோசடிக் குற்றச்சாட்டுகளில் விடுதலை ஆன பிறகும், ரிட்டர்ன் போடாததற்கு மட்டும் 2008-ல் மூன்று வருடம் கிடைத்தது. இந்த வரி மறுப்பு இயக்கத்தின் பெரிய வாத்தியாராக இருந்த இர்வின் ஷிஃப் 2015-ல் சிறைவாசத்திலேயே இறந்தார். சிறைக்குப் போகாவிட்டாலும், இப்படி அர்த்தமற்ற ரிட்டர்ன் ஒன்றுக்கு அபராதம் 5,000 டாலர். இதே வாதத்தோடு டாக்ஸ் கோர்ட்டுக்குப் போனால் 25,000 வரை போடலாம். டெக்ஸஸ் எங்கள் ஐந்தாவது சர்க்யூட்டில் வருகிறது. இந்த வாதங்களுக்கு மெனக்கெட்டுப் பதில் எழுதினால் அவற்றில் ஏதோ சத்து இருப்பதாக ஆகிவிடும் என்று 1984-லேயே கிரெய்ன் வழக்கில் சொன்ன நீதிமன்றம் அது.

பைண்டரின் கடைசிப் பக்கம், பொடி எழுத்தில்: இது சட்ட ஆலோசனை அல்ல, வரி நிபுணரைக் கலந்துகொள்ளவும்.

இதற்கு மாற்று வேண்டுமென்றால் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) தளத்திலேயே இந்த அர்த்தமற்ற வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பதிலும் வழக்குகளும் கொடுத்த பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது. நடை வறட்சிதான், காபி இல்லாமல் ஓடாது. ஆனால் வாக்கியத்தை முடிக்கிறார்கள்.

16-ஆவது திருத்தத்தைப் பற்றி இன்னும் தீராத, மரியாதையான சண்டை எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. 2024-ல் வந்த மூர் வழக்கைப் படியுங்கள். வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி, பெங்களூரில் விவசாயக் கருவி விற்கும் கிசான்கிராஃப்ட் கம்பெனியில் 40,000 டாலர் போட்டார்கள். கம்பெனி லாபத்தை அவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவே இல்லை. இருந்தும் 2017-ஆம் வருடச் சட்டப்படி அவர்களுக்கு 14,729 டாலர் வரி விழுந்தது. கைக்கு வராத லாபம் வருமானம் ஆகுமா என்பது நல்ல கேள்வி. 7-க்கு 2 என்று அரசு ஜெயித்தது, ஆனால் நீதிபதிகள் அந்தப் பெரிய கேள்வியைத் தொடாமல், கம்பெனி சம்பாதித்ததைப் பங்குதாரர் கணக்கில் ஏற்றலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். நீதிபதிகள் தாமஸும் கோர்சச்சும் மறுப்பு எழுதினார்கள். மூர் தம்பதி வரியை முழுக்கக் கட்டிவிட்டுத்தான் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு சூடான விஷயம் பைண்டரில் ஒரு வரிகூட இல்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: புது டபிள்யூ-4 எழுதி உடனே பேரோலுக்குக் கொடுங்கள், விட்டுப்போன பிடித்தத்தை மிச்ச மாதங்களில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பைண்டரில் சொன்னபடி ரிட்டர்ன் அனுப்பி, ஐ.ஆர்.எஸ்.ஸிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தால், அதில் கொடுத்திருக்கும் 30 நாளுக்குள் ஒழுங்கான 1040 (வருமான வரி ரிட்டர்ன் படிவம்) போட்டுவிட்டால் அந்த 5,000 டாலரைத் தவிர்க்கலாம். தம்பி எனக்குக் கடிதங்களைக் காட்டியது அவற்றைத் தபாலில் போடுவதற்கு முன்னால். பணத்தைத் திருப்பிக் கேட்டு விற்றவருக்கு எழுதினான். பிளாஸ்டிக் உறை பிரித்துவிட்டால் ரீஃபண்டு கிடையாது என்று பதில் வந்தது.