கோப்பையா, பரம வைரியை வீழ்த்தியதா? 2024இல் ஒஹையோ ஸ்டேட்டும் மிச்சிகனும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’) ஒரு சீசன் வெற்றியா தோல்வியா என்று சொல்ல, பரம வைரிகளான ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன் என்ற இரண்டு பல்கலைக்கழக அணிகளின் 2024ஆம் ஆண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

மிச்சிகன் முந்தைய சீசனில் 15 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற அணி. அப்புறம் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா போனார், குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) மெக்கார்த்தி போனார். 2024இல் 8 வெற்றி, 5 தோல்வி. சாம்பியனுக்கு இது சரிவுதான். ஆனால் நவம்பர் 30 அன்று, தரவரிசையிலேயே இல்லாத இந்த அணி எதிரணியின் சொந்த ஊரான கொலம்பஸுக்கே போய் ஒஹையோ ஸ்டேட்டை 13-10 என்று சாய்த்தது, அதுவும் தொடர்ந்து நான்காவது முறையாக. கடைசி ஆட்டத்தில் அலபாமாவையும் 19-13 என்று வென்றது.

ஒஹையோ ஸ்டேட்டுக்கு அந்தத் தோல்வி தாங்க முடியாதது. பயிற்சியாளர் ரயன் டேயை நீக்கச் சொல்லி ரசிகர்கள் கொதித்தார்கள். பட்டத்தைத் தீர்மானிக்கும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் 12 அணிகள் என்று அந்த ஆண்டுதான் விரிவாக்கினார்கள். பழைய நான்கு அணி முறை என்றால், ஆறாம் இடத்தில் இருந்த இவர்களுக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது. கிடைத்ததும் டென்னசி, ஓரிகன், டெக்சஸ், நோட்டர் டேம் என நால்வரையும் அடுத்தடுத்து வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

என் கணக்கில் ஒஹையோ ஸ்டேட்டின் சீசன்தான் பெரிய வெற்றி. பிளேஆஃபுக்கு வந்த நான்கு அணிகளை ஒரு மாதத்துக்குள் வெல்வது சாதாரணமல்ல. மிச்சிகனுடையது அரை வெற்றி. அந்த 13-10 இல்லையென்றால் அதுவும் இல்லை.