கேஸ் பிரீஃப் எழுத எந்தத் தீர்ப்பு: ரங்கராஜனா, ஸ்ரேயா சிங்காலா?

பேச்சுரிமை பற்றிக் கேஸ் பிரீஃப் (ஒரு தீர்ப்பின் சுருக்கக் குறிப்பு) எழுத உட்கார்ந்தபோது முதலில் எடுத்தது ஸ்ரேயா சிங்கால் (2015). எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். இரண்டே நாளில் எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன்ராமுக்கு (1989) மாறிவிட்டேன். இரண்டுமே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், இரண்டிலும் பேச்சுரிமைக்குத்தான் வெற்றி. அதில் பேச ஒன்றுமில்லை.

என்னை மாற்றியது எழுவினா, அதாவது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்வி. ஸ்ரேயா சிங்காலில் அதை ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 66ஏ (புண்படுத்தும் இணையச் செய்திகளுக்குத் தண்டனை) ரத்து, 69ஏ (இணையத் தகவலை முடக்கும் அதிகாரம்) செல்லும், 79 (இணையத் தளங்களுக்கான சட்டப் பாதுகாப்பு) செல்லும் ஆனால் குறுக்கித்தான் படிக்க வேண்டும், கேரள காவல் சட்டத்தின் பிரிவு 118(டி)யும் ரத்து. ஒவ்வொன்றுக்கும் தனி ரேஷியோ (முடிவுக்கு அடிப்படையான சட்டக் காரணம்). என் பிரீஃப் பொருளடக்கம் மாதிரி ஆகிவிட்டது. சட்டமே செல்லுமா என்ற வழக்கு என்பதால் 'சங்கதிகள்' (வழக்கில் நடந்தவை) தலைப்பின் கீழ் எழுதவும் அதிகம் இல்லை.

ரங்கராஜனில் சங்கதிகள் கதைபோல வருகின்றன. 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் இட ஒதுக்கீட்டு முறையை விமர்சிக்கிறது. தணிக்கை வாரியத்தின் மறுஆய்வுக் குழு, 5 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு என்ற கணக்கில் யு சான்றிதழ் தருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதில் தலையிடவில்லை. மேல்முறையீட்டில் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதி அமர்வு) சான்றிதழை ரத்து செய்கிறது. படம் ஓடினால் கலவரம் வரும் என்கிறது மாநில அரசு. நான் எழுதிய எழுவினா: "கலவரம் வரும் என்ற அச்சம் மட்டுமே, சான்றிதழ் பெற்ற படத்தைத் தடுக்கப் போதுமா?" போதாது, வெடிமருந்தில் விழும் பொறிபோல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு வேண்டும் என்பது ரேஷியோ. மிரட்டலுக்குப் பயந்து உரிமையைப் பறிக்காமல், ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை.

ஒன்று மட்டும் கவனம். திரைப்படத்துக்கு முன்தணிக்கை தேவைதான் என்றும் இதே தீர்ப்பு சொல்கிறது. அதை விட்டுவிட்டால் தீர்ப்பு இருப்பதைவிடத் தாராளமாகத் தெரியும். என் முதல் வரைவில் நானே விட்டிருந்தேன்.

சட்டச் சொற்களின் தெளிவின்மை, அப்புறம் பேச்சை விவாதம், ஆதரித்துப் பேசுதல், தூண்டுதல் என்று மூன்றாகப் பிரிப்பது, இவைதான் உங்கள் தலைப்பு என்றால் ஸ்ரேயா சிங்கால்தான் சரி. ஆனால் அதை நான் பாதியில் விட்டவன்; முழு பிரீஃபாக எழுதிப் பார்த்ததில்லை. எடுத்த குறிப்புகள் வீணாகவில்லை. அந்த வெடிமருந்து வரியை 2015 தீர்ப்பும் மேற்கோள் காட்டுகிறது. 'பின்தாக்கம்' என்ற தலைப்பில் அதை இரண்டு வரியில் சேர்த்துக்கொண்டேன்.